யார் கைக்கு ஜெபித்தோம்?

அத்தியாயம் 6

டாக்டர் பத்ரிநாராயணனின் மாட்டுங்கா கன்சல்டிங் ரூமில் இருபத்து மூன்று சட்டங்கள் தொங்கின. சுஜா எண்ணிவிட்டாள். எம்.பி.பி.எஸ்., எம்.எஸ்., எம்.சி.ஹெச்., லண்டனில் இரண்டு வருஷம், மெல்போர்னில் ஒரு வருஷம், 'ஏழாயிரம் இதயங்களைத் தொட்ட கை' என்று ஏதோ ஒரு சபா தங்க எழுத்தில் அடித்துக் கொடுத்த வாழ்த்துமடல். சுவரில் இடம் கிடைக்காத பெருமாள் கதவுக்கு மேலே ஒண்டிக்கொண்டிருந்தார்.

"மேடம், அந்த மூலையில ஒரு ஆணி சும்மா இருக்கு," என்று ஜெயினுலாப்தீன் அவள் காதோரம் முணுமுணுத்தார். "எனக்க டாக்சி பெர்மிட்டை மாட்டிட்டு வந்துரவா?"

"பாய், கொஞ்சம் சும்மா இரும்."

சுஜா பதினேழு வருஷம் இன்சூரன்ஸ் கம்பெனியில் ஆஸ்பத்திரிக் கோப்புகளைத் துருவியவள். இப்போது சுனாபட்டியில் சொந்தமாகத் துப்பறியும் ஆபீஸ் வைத்திருக்கிறாள். சுவரில் எவ்வளவு சட்டம் தொங்குகிறதோ அவ்வளவு எரிச்சல் அவளுக்கு வரும். ஜெயினுலாப்தீன் மேலப்பாளையத்துக்காரர். இருபத்தெட்டு வருஷம் பம்பாயில் கறுப்பு மஞ்சள் டாக்சி ஓட்டிவிட்டு அவளிடம் உதவியாளராகச் சேர்ந்தார். வாயை மட்டும் வீட்டில் விட்டுவிட்டு வர அவருக்கு இன்னும் பழகவில்லை.

இருவருக்கும் நடுவில் மாலதி உட்கார்ந்திருந்தாள். திலக் நகரில் பிளவுஸ் தைப்பவள். அவள் கணவன் மாரீஸ்வரன் தாராவி தோல் பட்டறையில் கட்டிங் மாஸ்டர். அவன் இதயத்தில் மூன்று குழாய் அடைத்துக்கொண்டிருந்தது. நாளைக் காலை ஏழு மணிக்கு பைபாஸ். செய்யப்போகிறவர் எதிரே உட்கார்ந்திருக்கும் டாக்டர் பத்ரிநாராயணன்.

"என் பின்னணியை விசாரிக்க வந்திருக்கேளா?" டாக்டர் சிரித்தார். அறுபது வயசு, பளிச்சென்ற வெள்ளைக் கோட்டு. "தாராளமா விசாரிங்கோ. ஃபைலையே தரச் சொல்றேன். இந்த மாட்டுங்காவுல என்னைச் சந்தேகப்பட்ட முதல் பேஷன்ட் நீங்கதான்."

"சந்தேகமெல்லாம் இல்ல சார். பயம்," என்றாள் மாலதி.

"பயப்படாதேங்கோ. உங்காத்துக்காரரை என் கையில விட்டுடுங்கோ. சாயந்திரம் ஆறு மணிக்குள்ள செம்பூர் ஆஸ்பத்திரிக்கு வந்து கன்சென்ட்ல கையெழுத்துப் போட்டுடணும். தாமசமானா அந்த ஸ்லாட் வேற ஒருத்தருக்குப் போயிடும்."

டபராவில் நான்கு காபி வந்தது. ஜெயினுலாப்தீன் தன்னுடையதை ஒரே மூச்சில் முடித்துவிட்டு, டாக்டருடையதை ஏக்கத்தோடு பார்த்தார். அதில் ஏடு படிய ஆரம்பித்திருந்தது.

"சார், காபி ஆறுது. உங்க ஏரியாவுல இது பெரிய குத்தமாச்சே."

"அப்பறம் குடிச்சுக்கறேன்."

காரியதரிசிப் பெண் வந்து, அட்மிஷன் சீட்டில் டாக்டரின் கையெழுத்தை ரப்பர் ஸ்டாம்பால் 'டப்' என்று அடித்து, ஃபைலின் நகலையும் கொடுத்து அவர்களை வழியனுப்பினாள். டாக்டரின் வலது கை கோட்டுப் பைக்குள்ளேயே இருந்தது.

மதியம் ஒன்றரை மணிக்கு, கிங்ஸ் சர்க்கிள் பாலத்தடியில் நின்ற டாக்சிக்குள் சுஜா ஃபைலைத் தூக்கிப் பின் சீட்டில் எறிந்தாள். மாலதி நகர்ந்து இடம் விட்டாள்.

"எல்லாமே உண்மை," என்றாள் சுஜா. அவள் குரலில் திருப்தி துளிகூட இல்லை. "மெடிக்கல் கவுன்சில் பதிவு இருக்கு. மெல்போர்ன்ல போனை எடுத்தவ, டாக்டர் பத்ரியா, நல்லா ஞாபகம் இருக்கு, தங்கமான கைங்கிறா. லண்டன் பழைய பட்டியல்லயும் பேரு இருக்கு. ஒரு கமாகூட பொய் இல்ல."

"ஒரு பொய்கூட இல்லாம ஒரு மனுஷனா? இதுவே சந்தேகமா இருக்கு மேடம்," என்றார் ஜெயினுலாப்தீன்.

"அப்ப ஷைனியக்கா வீட்டுக்காரரு எப்படிக்கா செத்தாரு?" மாலதியின் கண் சிவந்திருந்தது. "தனசீலண்ணன் நடந்து போனாரு. இதே டாக்டரு, இதே ஆபரேஷன். இதே ஆஸ்பத்திரியோட சான்பாடா கிளையில. பொட்டலமாத்தான் வந்தாரு. அதைக் கேட்டதுல இருந்து எனக்குச் சோறு இறங்கல. வேற ஆஸ்பத்திரிக்கு மாத்தலாம்னா ரெண்டு டாக்டருங்க ஒரே மாதிரி சொல்லிட்டாங்க. ரெண்டு நாளுக்கு மேல தாங்காதாம்."

பெரிய கை செய்தாலும் சிலர் பிழைப்பதில்லை. சுஜாவுக்கு அது தெரியும். அதைச் சொல்ல வாயெடுத்தவள் மாலதியின் முகத்தைப் பார்த்துவிட்டு முழுங்கிக்கொண்டாள்.

"தாராவிக்கு விடும் பாய். ஷைனி வீட்டுக்கு."

தொண்ணூறு அடி ரோட்டுக்குப் பின்னால், இரண்டு ஆள் எதிரெதிரே வந்தால் ஒருத்தர் சுவரோடு ஒட்டவேண்டிய சந்தில் ஷைனியின் வீடு. நாகர்கோவில் பக்கத்துக் குடும்பம். புருஷன் செத்து ஏழு மாசமாகியும் அவள் அழுகிற கட்டத்துக்கே வரவில்லை. கோபத்திலேயே நின்றிருந்தாள்.

"ரெக்கார்டு கேட்டு எட்டு தடவை போனேன்," என்று ஒரே ஒரு தாளை நீட்டினாள். "இதைத்தான் தந்தானுவ."

தாளில் ஒரு வரி. 'அறுவை சிகிச்சை செய்தவர்: டாக்டர் பத்ரிநாராயணன் மற்றும் குழுவினர்.'

"நல்ல வார்த்தை மேடம் இந்த 'குழுவினர்'," என்றார் ஜெயினுலாப்தீன். "நாளைக்கு நானும் டாக்சியை எங்கயாவது முட்டிட்டு, ஜெயினுலாப்தீன் மற்றும் குழுவினர்னு எழுதிக் குடுத்துருதேன்."

சுஜா சிரிக்கவில்லை. தாளை மடித்தாள். பைபிளுக்குப் பக்கத்தில் நீல அட்டை போட்ட நோட்டு ஒன்று இருந்தது. அதைப் பார்த்ததும் அவளுக்குள் என்னவோ தட்டியது. அவளும் நாகர்கோவில் பக்கத்துச் சபையில் வளர்ந்தவள்தான்.

"ஷைனி, அன்னைக்குச் சங்கிலி ஜெபம் வச்சீங்களா?"

"வைக்காம இருப்பமா?"

"அதென்ன சங்கிலி?" என்றார் ஜெயினுலாப்தீன்.

"ஆபரேஷன் தொடங்குறதுல இருந்து முடியிற வரைக்கும் ஜெபம் அறுபடக்கூடாது பாய். அரை மணிக்கு ஒரு வீடு. இந்த வீடு முடிச்சதும் அடுத்த வீடு. ஆஸ்பத்திரியில உக்காந்திருக்கிற ஆளு அப்பப்ப போன் போட்டு உள்ள என்ன நடக்குன்னு சொல்லணும். எந்த நேரம், என்ன சேதி, எதுக்காக ஜெபிக்கணும், எல்லாம் ஒரு நோட்டுல எழுதணும். நோட்டு வீடு வீடாப் போவும்." சுஜா ஷைனியிடம் கையை நீட்டினாள். "ஆஸ்பத்திரிக்காரன் குடுக்காத ரெக்கார்டு அதுல இருக்கு."

ஷைனி பக்கத்தைப் பிரித்துக் கொடுத்தாள். சுஜா சத்தமாகவே படித்தாள்.

"'காலை 9.30. சான்பாடாவிலிருந்து போன். டாக்டர் பத்ரிநாராயணன் உள்ளே போய்விட்டார். தனசீலன் அண்ணனுக்காகவும், டாக்டரின் கைகளுக்காகவும்.'" அடுத்த வரி வேறு கையெழுத்து. "'9.45. செம்பூரிலிருந்து போன். டாக்டர் பத்ரிநாராயணன் உள்ளே இருக்கிறார். ஜெப்ரிக்காகவும், டாக்டரின் கைகளுக்காகவும்.'"

சுஜா நிறுத்தினாள். "ஜெப்ரி யாரு?"

"எங்க சபையில உள்ளவருதான். டெய்லரு. அவருக்கும் அன்னைக்குத்தான் ஆபரேஷன். செம்பூர்ல. அதனால ஒரே சங்கிலியில ரெண்டு பேருக்கும் ஜெபிச்சோம். அவரு நல்லா இருக்காரு. மிஷின் மிதிக்கிறாரு."

சுஜா வேகமாக விரலை ஓட்டினாள். பதினொன்றரைக்குச் சான்பாடாவில் டாக்டர் உள்ளே. பதினொன்றே முக்காலுக்குச் செம்பூரில் டாக்டர் உள்ளே. ஒன்று நாற்பதுக்குச் செம்பூர், இன்னும் உள்ளேதான். இரண்டு பத்துக்குச் சான்பாடா, இன்னும் உள்ளேதான்.

"ரெண்டுக்கும் நடுவுல கடல் மேல வாஷி பாலம் இருக்கு," என்றார் ஜெயினுலாப்தீன் மெதுவாக. "பதினஞ்சு நிமிஷத்துல சான்பாடாவுல இருந்து செம்பூர் வந்த டாக்சிக்காரன் இன்னும் பொறக்கல மேடம்."

ஷைனி நோட்டைப் பிடுங்கித் தானே பார்த்தாள். உதடு அசைய, வரி வரியாக.

"பெரிய டாக்டருல்லியா, அங்கயும் இங்கயும் போயிட்டு வருவாருன்னு நெனச்சோம்," என்றாள். "ரெண்டு பேருக்கும் ஒரே டாக்டருன்னு சந்தோஷம் வேற. ஒரே ஆளுக்கு ரெட்டிப்பா ஜெபம் போவுதேன்னு. அதுக்கப்புறம் இந்தப் பக்கத்தை யாரு திருப்பிப் பாத்தா?" அவள் கை நோட்டின் மேல் இறுகியது. "அவருக்க பேரைச் சொல்லிச் சொல்லி அவருக்க கையை ஆசீர்வதியும்னு முழங்கால்ல நின்னோமே. அங்க அந்தக் கையே இல்லியா? அப்ப நாங்க யாரு கைக்கு ஜெபிச்சோம்?"

ஷைனி துப்பட்டாவை எடுத்துப் போட்டுக்கொண்டு, நோட்டோடு வாசலில் இறங்கினாள். டாக்சியில் இடமிருக்கிறதா என்றுகூடக் கேட்கவில்லை.

செம்பூர் ஆஸ்பத்திரியின் நான்காவது மாடியில், ஐந்தேகால் மணிக்கு டாக்டர் பத்ரிநாராயணன் நோட்டை நிதானமாகப் படித்தார். அதைப் பிடித்திருந்தது இடது கை. படித்து முடித்ததும் மூக்குக் கண்ணாடியைக் கழற்றினார்.

"ஒத்துக்கறேன். செம்பூர் கேஸ் நான் பண்ணினேன். சான்பாடாவை என் ஜூனியர் பாத்துண்டான். பெரிய ஆஸ்பத்திரியில இதெல்லாம் சகஜம். அதுக்குத்தான் 'குழுவினர்'னு போடறது."

"எங்ககிட்ட நீங்க உள்ள இருக்கதாச் சொன்னானுவளே!" ஷைனி மேஜையைத் தட்டினாள்.

"யாரோ ரிசப்ஷனிஸ்ட் சொன்னதுக்கு நான் பொறுப்பாக முடியுமா?"

மாலதி அவரை நேராகப் பார்த்தாள். "நாளைக்கு எங்க வீட்டுக்காரருக்கு நீங்கதானே சார் செய்வீங்க? உங்க கையாலதானே?"

"நானேதான். சத்தியமா."

மாலதி சுஜாவைப் பார்த்தாள். மணி ஐந்து இருபது. சுஜாவுக்கு ஆத்திரம் நெஞ்சுவரை வந்தது. ஆனால் அவர் சொன்னதில் ஓட்டை எங்கே என்று பிடிபடவில்லை. ஜூனியரை வைத்துச் செய்தது அயோக்கியத்தனம். ஆனால் நாளைக்கு அவரே செய்கிறார் என்றால் மாரீஸ்வரனுக்கு அதைவிட நல்ல கை இந்த ஊரில் கிடைக்காது. அவள் அரைமனதாகத் தலையசைத்தாள். மாலதி பேனாவை எடுத்தாள்.

அப்போதுதான் ஜெயினுலாப்தீன் கேன்டீனிலிருந்து தட்டோடு நுழைந்தார்.

"காலையில டாக்டர் காபியை ஆறப்போட்டதைப் பாத்ததுல இருந்து எனக்கு மனசே சரியில்ல. அதான் சூடா வாங்கியாந்தேன். இதுக்கும் ஏடு கட்ட விட்டீங்கன்னா மாட்டுங்காவுல உங்களைச் சேர்த்துக்க மாட்டாங்க சார்."

சுஜா திரும்பினாள். ஏடு படிந்த காபி. ரப்பர் ஸ்டாம்பில் கையெழுத்து. கோட்டுப் பையை விட்டு வெளியே வராத வலது கை. எல்லாம் காலையிலேயே அவள் கண் முன்னால் இருந்தது. இருபத்து மூன்று சட்டங்களை எண்ணியவளுக்கு ஒரே ஒரு கையைப் பார்க்கத் தோன்றவில்லை. அவள் தன்னையே திட்டிக்கொண்டாள்.

"மாலதி, பேனாவைக் கீழ வை." அவள் ஒரு டம்ளரை டாக்டர் முன்னால் தள்ளினாள். "குடிங்க டாக்டர். வலது கையால."

"என்ன விளையாட்டு இது?"

"நாளைக்கு நெஞ்சைப் பிளக்கப் போற கை. ஒரு காபி எடுக்கட்டும். எடுத்துட்டா கால்ல விழுந்து மன்னிப்புக் கேட்டுட்டுப் போறேன்."

அவர் கதவைப் பார்த்தார். கதவில் ஜெயினுலாப்தீன் நின்றிருந்தார். டாக்டரின் வலது கை மெல்ல வெளியே வந்தது. டம்ளரைப் பிடித்தது. பிடித்த மறுவிநாடியே டம்ளரும் டபராவும் கடகடவென்று அடித்துக்கொண்டன. அவர் இடது கையால் வலது மணிக்கட்டை அமுக்கிப் பார்த்தார். காபி சிதறி, கன்சென்ட் படிவத்தில் மாரீஸ்வரனின் பெயர் மேலே வழிந்தது.

"எத்தனை நாளா?" என்றாள் சுஜா.

"ரெண்டு வருஷம்." அவர் டம்ளரைக் கீழே வைத்தார். "ரெண்டு வருஷம், ரெண்டு மாசம்."

"அப்ப அன்னைக்குச் செம்பூர்லயும் நீங்க இல்ல."

"ஆத்துல இருந்தேன்."

"நீங்க செய்யலன்னா ஜெப்ரிக்கு யாரு செஞ்சா?" ஷைனி கத்தினாள்.

"நான்."

திறந்திருந்த கதவுக்கு வெளியே, ஜெயினுலாப்தீனுக்குப் பின்னால், பச்சைத் தியேட்டர் உடையில் ஒருத்தி நின்றிருந்தாள். முப்பத்தாறு வயசிருக்கும். சத்தம் கேட்டு வந்தவள். கழுத்தில் தொங்கிய அட்டையில் 'டாக்டர் ஷ்ருதி, உதவி சர்ஜன்' என்றிருந்தது.

"ஜெப்ரிக்கு நான்தான் பண்ணினேன். இவர் பேர்ல. ரெண்டு வருஷமா இங்க எல்லாமே நான்தான்," என்றாள்.

"எனக்க மாப்பிளைக்கு?" என்றாள் ஷைனி.

ஷ்ருதி ஷைனியைப் பார்த்தே சொன்னாள்.

"டிரெயினிங் முடிச்சு எட்டு மாசமான ஒருத்தன். தனியாப் பண்ணவே கூடாது. மேனேஜ்மென்ட் பிரஷர். நடுவுல சிக்கலாகி எனக்கு போன் பண்ணினான். நான் ஜெப்ரியோட நெஞ்சைத் திறந்து வச்சிருந்தேன், போக முடியலை. இவருக்கும் போன் பண்ணினான். பக்கத்துல நின்னு வாயால சொல்லியிருந்தாலே போதும். இவர் போகலை."

"போனா எல்லாரும் என் கையைப் பாத்துடுவா," என்றார் டாக்டர், யாரையும் பார்க்காமல். "ஜனங்க என் பேருக்குத்தான் வரா. என் கை போச்சுன்னு தெரிஞ்சா ரெண்டு கிளையையும் மூடணும்னு மேனேஜ்மென்ட்ல சொன்னா. நான் என்ன பண்றது?"

"சொல்லியிருக்கணும்!" சுஜாவின் குரல் வராந்தாவரை கேட்டது. "ஏழாயிரம் பேரைப் பொழைக்க வச்ச மனுஷன், கை நடுங்குது, இனிமே முடியலைன்னு சொல்லியிருந்தா, இந்த ஊரே உம்மைக் கும்பிட்டிருக்குமே. அந்தப் பேரை வச்சா ஒரு ஆளைக் கொன்னீரு?" அதே வேகத்தில் ஷ்ருதி பக்கம் திரும்பினாள். "நீங்களும்தான். எல்லாம் தெரிஞ்சு வாயை மூடிட்டு இருந்தீங்க."

"இருந்தேன். என் பேர்ல எங்கேயும் ஒரு கேஸ்கூட எழுதலை. வெளிய போனா நான் ஒரு ஆபரேஷனும் பண்ணாத டாக்டர். அது காரணம். நியாயம்னு சொல்லலை."

சுஜா ஒரு வெள்ளைத் தாளை எடுத்து டாக்டர் முன்னால் வைத்தாள். "நடந்ததை எழுதுங்க. போலீசுக்கும் கவுன்சிலுக்கும் நாளைக்கே போகணும்."

அவர் பழக்கத்தில் மேஜை இழுப்பறையைத் திறந்து ரப்பர் ஸ்டாம்பைத் தேடினார்.

"அது வேண்டாம். உங்க கையாலயே எழுதணும். எவ்வளவு கோணலா வந்தாலும் சரி. அந்தக் கோணல்தான் எனக்குச் சாட்சி."

அரைப் பக்கம் எழுத அவருக்கு இருபது நிமிஷம் பிடித்தது. எழுத்துகள் வரியை விட்டு ஏறி இறங்கின. தாள் நழுவியபோதெல்லாம் ஜெயினுலாப்தீன் அதன் ஓரத்தை விரலால் அழுத்திப் பிடித்துக்கொண்டார்.

மணி ஆறாகப் பத்து நிமிஷம் இருந்தது. மாலதி எழுந்து ஷ்ருதியின் முன்னால் போய் நின்றாள்.

"எத்தனை பேருக்குச் செஞ்சிருக்கீங்க?"

"முன்னூத்திப் பன்னெண்டு."

"எத்தனை பேரு போய்ட்டாங்க?"

"ஒன்பது." யோசிக்கவில்லை. "ஒன்பது பேரோட பேரும் சொல்வேன்."

மாலதி அவளை ஏற இறங்கப் பார்த்தாள். "காலையில இருந்து நான் கேட்டதுக்கு நேராப் பதில் சொன்ன ஆளு நீங்க ஒருத்தர்தான். எனக்கு வேற வழியும் இல்ல. புது ஃபாரம் எடுங்க. செய்யிறவங்க பேருன்னு இருக்கிற எடத்துல உங்க பேரை எழுதுங்க. குழுவினர்னு ஒரு எழுத்து இருந்தாலும் கையெழுத்துப் போட மாட்டேன்."

"மேனேஜ்மென்ட் ஒத்துக்காது," என்றார் பத்ரிநாராயணன்.

"ஒத்துக்குவாங்க," என்று சுஜா அவர் எழுதிய தாளை மடித்துக் கைப்பையில் வைத்தாள். "இது என் பையில இருக்கிற வரைக்கும் இன்னைக்கு எது கேட்டாலும் ஒத்துக்குவாங்க."

ஷ்ருதி எழுதினாள். நேரான எழுத்து. மாலதி கையெழுத்துப் போட்டாள்.

ஷைனி நீல நோட்டில் வெறும் பக்கம் ஒன்றைத் திருப்பி மேஜை மேல் வைத்தாள். காபி ஈரம் அட்டையில் ஒட்டியதை அவள் கவனிக்கவில்லை.

"நாளைக்கு ஏழு மணிக்குத்தானே? முதல் அரை மணி எனக்க வீடு. மத்த வீட்டுக்கு நான் சொல்லிக்கிடுதேன்."

"அக்கா, நாங்க உங்க சபை இல்லியே," என்றாள் மாலதி.

"அதை யாரு கேட்டா?" ஷைனி பேனாவைத் திறந்துகொண்டு ஷ்ருதியை நிமிர்ந்து பார்த்தாள். அந்தப் பார்வையில் மன்னிப்பு இல்லை. "பேரைச் சொல்லுங்க. முழுப் பேரு. போன தடவை வேற ஆளுக்கு ஜெபிச்சுட்டோம்."

ஷ்ருதி தன் பெயரையும் அப்பா பெயரையும் சொன்னாள். ஷைனி பேனாவை அழுத்தி எழுதினாள். அந்த அழுத்தத்தில் தாள் ஓரிடத்தில் கிழிந்தது.

"இந்தக் கை தப்புப் பண்ணிச்சுன்னா ரெக்கார்டு கேட்டு ஆஸ்பத்திரிக்குப் போமாட்டேன். நேரா உங்ககிட்டத்தான் வருவேன்."

"வாங்க," என்றாள் ஷ்ருதி.